களவு போன வீடும் காக்க வேண்டிய நெஞ்சும்

(தஞ்சையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இம்மாதக் கூட்டத்திற் சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சிறிது பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்திருந்தார்கள். அதற்கென யாம் குறிப்புக்களும் எழுதி வைத்தோம். ஆயினும், எழுதுங்காலத்து எம் உள்ளம் மதுரையில் நில்லாது எம் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே சுழன்று கொண்டிருந்தது. சென்ற தைத் திங்களில் எம் இல்லத்தில் களவு நிகழ்ந்ததனை உங்களிற் பலர் அறிவீர்கள். நேரில் வந்து ஆறுதல் கூறியவர்களும் இங்குளர். அவர்கட்கு எமது நன்றி. ஆகவே அந்நூலையும் இந்நிகழ்ச்சியையும் ஒருங்கே வைத்து, களவு போன வீட்டார் அதன்பின் எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்பது பற்றிச் சில கூற முற்பட்டோம். இதன்கண் யாம் எடுத்துரைக்கப் போவது பெரும்பாலும் எம் பிழைகளேயாம். பிறர்க்குப் பயன்படுமேல் பிழையைச் சபையிற் கூறுதற்கு நாணுதல் வேண்டா என்பது எம் துணிபு.

நிகழ்ந்தது இது. திருவையாற்றுக்கு அணித்தாகிய எம் சிற்றூரில் எமக்கு ஓட்டு வீடொன்றும் ஆறு மா நிலமும் உள்ளன. சம்பா அறுவடை நெருங்கிய காலம். அறுவடைப் பொறியின் வாடகைக்கும் ஆட்கூலிக்குமாக வங்கியிலிருந்து எடுத்த பணம் பீரோவில் இருந்தது. உறவினர் திருமணத்தின்பொருட்டு யாம் குடும்பத்தோடு மாயூரம் சென்று இரண்டு இராத்தங்கினோம். மூன்றாம் நாள் விடியலில் அண்டை வீட்டார் கைப்பேசியில் அழைத்து, கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது என்றனர். ஓடி வந்து பார்க்க, தாழ் பெயர்க்கப்பட்டிருந்தது. பீரோவின் திறவுகோலை அதன் தலைமேலேயே வைத்துச் செல்வது எம் வீட்டு வழக்கம். வந்தவனுக்கு அதனை உடைக்கும் வருத்தமும் இல்லாது போயிற்று. எம் அன்னையாரின் அட்டிகை, எம் மனைவியாரின் இரட்டை வடச் சங்கிலி, குழந்தையின் காப்பு ஆகப் பதினான்கு பவுனும், அப்பணமும் போயின.

இனி எம் பிழைகள். அன்று காலை எம் வீட்டிற்கு வந்து பார்த்தவர் நாற்பதின்மருக்குக் குறையார். வந்தவரெல்லாம் பீரோவைத் திறந்து மூடிப் பார்த்தனர். சிதறிய துணிகளை மடித்து வைத்தனர். எம் அன்னையார், கள்வன் கால் பட்ட இடமென்று கொல்லை வாயிலைச் சாணமிட்டு மெழுகிவிட்டார். காவலர் வருமுன் தடயங்களிற் பெரும்பகுதியை யாமே அழித்துவிட்டோம். மோப்ப நாய் வந்து, கொல்லை வழியே ஓடி, பேருந்துச் சாலையில் நின்றுவிட்டது. கிணற்றடியிற் கிடந்த எவர்சில்வர் டப்பா ஒன்று மட்டும் ஒருவர் கையும் படாமல் எஞ்சியது. கைரேகை நிபுணர் அதனிலிருந்தே ஒரு விரற்பதிவை எடுத்தார்.

இவ்விரற்பதிவின் அருமையை விளக்க ஒரு வரலாறு கூறுவோம். வங்காளத்தில் எட்வர்டு ஹென்றி என்னும் காவல் அதிகாரியின் கீழ், அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் கைரேகைகளை வகைப்படுத்தும் முறையைச் செப்பஞ் செய்தனர். 1897இல் கல்கத்தாவிற் கைரேகை நிலையம் அமைந்தது. அக்காலத்து ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் வீட்டிற் கொலையுண்டு கிடந்தார். பெட்டியிலிருந்த பணமும் களவு போயிருந்தது. சமையற்காரன் ஆடையில் இரத்தக்கறை கண்டு அவனை ஐயுற்றனர். தோட்டத்துக் கூலியாட்களையும் ஐயுற்றனர். வழிப்போக்கராக வந்த காபூலியரையும் ஐயுற்றனர். முடிவில், பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின்மேல் இரத்தம் தோய்ந்த விரற்சுவடு காணப்பட்டது. முன்னர்க் களவுக்காகத் தண்டனையுற்ற வேறொருவனது பதிவோடு அது பொருந்தியது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக் குற்றத்திற்குத் தண்டித்தது. கொலைக்குப் போதிய சான்றில்லையென்று அக்குற்றத்தினின்றும் விடுத்தது. அப்பஞ்சாங்கத்தை யாரேனும் துடைத்து வைத்திருப்பின் அச்சமையற்காரன் கதி என்னவாகியிருக்கும் என்பதனை நினைத்துப் பாருங்கள். களவு போன வீட்டில் ஒன்றையும் தொடாதிருத்தல், கள்வனைப் பிடித்தற்கு மட்டுமன்றிக் கள்வரல்லாதாரைக் காத்தற்கும் உரியதாம்.

அடுத்தது முறையீடு. யாம் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்திற்கு முதலில் ஒரு ரசீது மட்டுமே கிடைத்தது. அதுவே வழக்குப் பதிவென்று எண்ணி வீடு திரும்பினோம். வழக்கறிஞராகிய எம் பழைய மாணாக்கர் ஒருவர் சொல்லியே உண்மை தெரிந்தது. விண்ணப்பம் பெற்றதற்கான ரசீது வேறு. முதல் தகவல் அறிக்கை வேறு. பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் நிகழ்ந்தமை தகவலிற் புலனாயின் அவ்வறிக்கையைப் பதிந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்வழியாகத் தரின் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் படி ஒன்றினை விலையின்றிப் பெறலாம். பதிய மறுப்பின் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அங்கும் பயனில்லையாயின் நடுவரை அடையலாம். புலன் விசாரணை எந்நிலையிலுள்ளதென்று தொண்ணூறு நாட்களுக்குள் முறையிட்டாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்திலுள்ளது. சினமின்றி இவற்றைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை.

விண்ணப்பத்தோடு, போன பொருள்களின் விவரத்தைக் கேட்டனர். ஈண்டுத்தான் எம் வறுமை வெளிப்பட்டது. பதினெட்டாண்டு கழுத்தில் அணிந்த சங்கிலியை எம் மனைவியார் இருளிலும் தடவி அறிவார். ஆனால் அதன் எடை, வேலைப்பாடு, வாங்கிய சீட்டு ஆகியவற்றுள் ஒன்றும் எம்மிடமில்லை. திருமணப் புகைப்படம் ஒன்றிருந்தது. அதனைப் பார்த்தபோது, முன்னொருகால் கொக்கி அறுந்துபோக, எம் ஊர்ப் பத்தர் வேறொரு கண்ணியை வைத்துப் பற்றவைத்தது அவர் நினைவிற்கு வந்தது. அவ்வொரு செய்தியை அறிக்கையிற் சேர்த்தோம்.

இதற்குள் அறிவுரை கூறுவோர் பலராயினர். வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கலாம் என்றார் ஒருவர். அம்மன் சந்நிதியிற் காசு வெட்டிப் போடலாம் என்றார் மற்றொருவர். 'இன்னாரிடம் சொன்னாற் பொருள் தானே திரும்பும். கையில் ஏதேனும் கொடுக்க வேண்டும்' என்றார் மூன்றாமவர். இறைவனிடம் முறையிட்டு நெஞ்சாறுவாரை யாம் குறை கூறோம். ஆனால் மையிலே தெரிவதாகச் சொல்லப்படும் முகம், பார்க்கப் போனவர் மனத்தில் முன்னமேயிருந்த முகமே. அடையாளமாகச் சொல்வன 'நெருங்கிப் பழகுபவர். தெற்கேயிருந்து வருபவர்' என்பன போல்வன. அவ்வளவில் ஓர் ஏழையின் பெயர் ஊர்வாயில் விழுந்துவிடும். மூன்றாமவர் கூறியது நம் நாட்டிற் பழைய வழக்கு. சோழர் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என்னும் வரி காணப்படுகின்றது. பிற்காலக் காவல் முறையில், ஊராரிடம் காவற்கூலி பெற்றவர் களவுபோன பொருளை மீட்டுத் தரவோ, ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தனர். அது நிலைகெட்டபொழுது துப்புக்கூலி என்னும் பெயரால், களவாடிய மாட்டைக் களவாடியவரிடமே விலை கொடுத்து மீட்கும் இழிவு உண்டாயிற்று. கள்வனைப் பிடித்துத் தர முயலாது, பொருளை மீட்டுத் தருவதாகக் கைக்கூலி பெறுதல் இன்றைய நியாய சங்கிதையின் 252ஆம் பிரிவின்படி குற்றமாகும். நம்மவர் அவ்வழி செல்லற்க.

அன்பர்களே! இனிக் கூறப்போவதே யாம் இன்று எழுந்து நின்றதற்குக் காரணம்.

எம் வீட்டிற் பதினோராண்டாகப் பாத்திரம் துலக்கி, வாசல் தெளித்துப் போன அம்மையார் ஒருவர் உண்டு. வாய்க்காற்கரைத் தெருவில் இருப்பவர். களவு தெரிந்த ஒரு நாழிகைக்குள் எம் அன்னையார், 'சாவி இருக்குமிடம் வேறு யாருக்குத் தெரியும்?' என்று கேட்டார். யாம் அதற்கு மறுமொழி கூறவில்லை. வீட்டிற்கு வந்துபோவோர் யாவரெனக் காவலர் கேட்டபொழுது அவர் பெயரை முதலிற் சொன்னோம்; 'ஆயினும் அவர் நல்லவர்' என்னும் மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்ல எம் நா எழவில்லை. மறுநாள் அவரைக் காவல் நிலையத்திற்கு வரச்சொல்லிக் காலை முதல் மாலைவரை இருத்தி வினவினர். சாட்சியாக வினவப்படும் பெண்ணை அவள் இருப்பிடத்திலேயே வினவ வேண்டும் என்பது சட்டம். இதனை யாம் பின்னரே அறிந்தோம். யாரும் அவரை அடித்தாரல்லர். எனினும் அவர் அங்கே இருந்ததை ஊர் கண்டது. அவர் வேலை செய்த மற்றை இரண்டு வீட்டாரும் 'நாளை முதல் வேண்டா' என்றனர். எம் வீட்டிற்கும் அவர் வருவது நின்றது. நின்றதற்கு யாம் வருந்தவில்லை. ஐயம் உறுதியாயிற்றென்றே எண்ணினோம். ஆராய்ந்து நம்பியவரைப் பின் ஐயுறுதல் தீது என்னும் கருத்தைத் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் ஆண்டுதோறும் மாணாக்கருக்குச் சொல்லி வந்தவர் யாமே.

இவ்விடத்திலே காரியதரிசியவர்கள் விரும்பிய சிலப்பதிகாரத்திற்கு வருகின்றோம். நமது காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரிற் பிறந்த வணிகன், மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்றுப் பிழைக்க மதுரை சென்றான். அரசியின் சிலம்பைக் களவு செய்திருந்த பொற்கொல்லன், பழியை அவன்மேற் சுமத்தினான். அரசன் ஊடிய தேவியைத் தணிவிக்கும் விரைவிலிருந்தான். ஆராயாது ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி வந்து வழக்குரைத்தபொழுதன்றோ, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூற, அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான்? உடைத்துப் பார்க்க மாணிக்கம் தெறித்தது. முத்தோ மாணிக்கமோ என்னும் அவ்வொரு வினாவைக் கோவலனிடம் முன்னரே கேட்டிருந்தால் ஓர் உயிரும் போயிராது. அரசன் கொடியவனல்லன், தன் பிழை கண்ட அளவில் உயிர் நீத்தவன். ஆயினும் விரைந்தான், வினவாதொழிந்தான். இருபதாண்டு இக்காதையைப் பாடஞ் சொன்ன யாமும் எம் வீட்டு விஷயத்தில் அவ்வாறே செய்தோம்.

ஐயம் ஒருவர்மேற் படிதல் ஒரு கேடு. ஒரு கூட்டத்தார்மேற் படிதல் அதனினும் பெருங்கேடு. சாதிச் சங்கத்தாராகிய நாம் இதனைச் சிறப்பாக நினைத்தல் வேண்டும். 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என ஒன்று இயற்றிற்று. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன்படி, சில குலத்தார் ஒரு குற்றமும் செய்யாமலே, பிறப்பினாற் கள்வர் எனப் பதிவேட்டில் எழுதப்பட்டனர். கைரேகை தருதற்கும், ஆடவர் இரவில் நிலையத்திற்குச் சென்று தம்மைக் காட்டுதற்கும் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு உடன்படாது எதிர்த்தவர்மேற் போலீசார் துப்பாக்கி பிரயோகஞ் செய்ய, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், தேசமுழுதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. ஜல்பைகுரியில் ஒரு சமையற்காரனை விடுவித்த அதே கைரேகை, இங்குக் குற்றமற்றாரைக் கட்டும் கயிறாயிற்று. சட்டம் ஒழிந்து பல்லாண்டுகள் ஆகியும், ஒரு வீட்டிற் பொருள் காணாமற் போனால், 'அந்தத் தெருவாராயிருக்கும்' என்னும் சொல் நம் வாயினின்றும் இன்னும் ஒழியவில்லை. நம் வீட்டுத் திண்ணையிற் சொல்லப்படுவதை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள்.

சித்திரையில் செய்தி வந்தது. வேறொரு மாவட்டத்தில் பூட்டிய வீடுகளைத் திறந்து களவாடிய ஒருவன் அகப்பட்டான். டப்பாவின் விரற்பதிவு அவனுடையதாயிருந்தது. எம் ஊரை அவன் அதற்குமுன் கண்டவனுமல்லன். பேருந்திலிருந்தே இருண்ட வீட்டைப் பார்த்து இறங்கினானாம். அட்டிகை உருக்கப்பட்டுப் போயிற்று; பணம் செலவாயிற்று. ஓர் அடகுக்கடையிலிருந்து சங்கிலி மீண்டது. அதன் கண்ணிகளுள் ஒன்று மட்டும் நிறம் வேறுபட்டிருந்தமையால் ஐயமின்றி அடையாளம் காட்டினோம். அதுவே எமக்கு மாணிக்கப் பரலாயிற்று.

மீண்ட பொருளைப் பெறும் முறையையும் அறிந்து கொள்ளுங்கள். காவலர் கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்தின் வசத்தது. வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்காலத்திலேயே ஒப்படைக்குமாறு நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். நகைகளைப் புகைப்படமெடுத்து, விவரப்பட்டி எழுதி, பிணை பெற்று உரியவரிடம் விரைவில் ஒப்படைத்தல் வேண்டும் என 2002இல் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிற் கூறியது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பொருளின் விவரப்பட்டியைப் பதினான்கு நாட்களுக்குள் எழுதவும், அதன்பின் முப்பது நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்கவும் விதிக்கின்றது.

விவரமும் புகைப்படமும் எத்துணை வலியுடையன என்பதற்குக் கொள்ளிடத்திற்கு வடக்கே ஒரு சான்றுண்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர்கால நடராசர், கடல் கடந்து சென்று, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தாரால் ஐம்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கப்பட்டார். அவர் நம்மவர் என்று நிலைநாட்ட உதவியது, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் அத்தேசத்துப் பிரதம மந்திரியே அவரைக் கொணர்ந்து நம் அரசிடம் ஒப்புவித்தார். கடவுளுக்கே புகைப்படம் சான்றாக வேண்டியிருந்ததென்றால் நம் சங்கிலிக்கு வேண்டாவோ?

சங்கிலி வந்த அன்று மாலை யாமும் எம் மனைவியாரும் வாய்க்காற்கரைத் தெருவிற்குச் சென்றோம். அவ்வம்மையார் பாய் விரித்து அமரச் செய்தார். செய்தியைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், 'ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, வாத்தியாரையா' என்றார். அவ்வளவே. எம்மிடம் அதற்கு விடையில்லை, இன்றும் இல்லை. அவரை ஐயுற்ற மற்றை இரண்டு வீடுகளுக்கும் யாமே சென்று உண்மை கூறினோம். ஒரு வீட்டார் மீண்டும் அழைத்தனர். எம் வீட்டிற்கு அவர் வரவில்லை. வருமாறு கேட்கும் தகுதியும் எமக்கில்லை.

களவு போன வீட்டில் அச்சம் என்பதும் ஒன்று தங்கும். எம் இளைய மகள் பல நாள் தனியே கொல்லைக்குச் செல்ல மறுத்தாள். எம் அன்னையார் இரவில் மும்முறை எழுந்து தாழைப் பார்ப்பார். அத்தகைய வீட்டாரிடம் சென்று, 'கதவைச் சரியாகப் பூட்டவில்லையா?' எனக் கேட்பதாற் பயனில்லை. முதல் சில இரவுகள் உடன் படுக்க ஒருவர் வருவாராயின் அதுவே பேருதவி. எமக்கு அவ்வுதவி செய்த சங்கத்து இளைஞர் இருவர் இச்சபையில் உள்ளனர்.

முடிவாக, நம் சங்கத்தாருக்குச் சில விண்ணப்பங்கள். ஒவ்வொரு வீட்டாரும் இவ்வாரத்திலேயே தம் நகைகளின் எடை, அடையாளம், வாங்கிய சீட்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, புகைப்படத்தோடு வேறோர் உறவினர் வீட்டிலும் ஒரு படி வைத்திடுக. 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு உளது, அதனையும் குறித்திடுக. பெருநகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைப்போர், அங்குக் களவு நேரின் வங்கியின் பொறுப்பு ஓராண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே என்பதை அறிந்து, வேண்டுமாயின் காப்பீடும் செய்திடுக. வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாருக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவித்துச் செல்க. களவு நேர்ந்த வீட்டிற்குச் சங்கத்தினின்றும் இருவர் சென்று, கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி, முறையீடு எழுதத் துணை செய்க. சான்று கிடைக்கும்வரை எவர் பெயரையும், எத்தெருவின் பெயரையும் நம் வாயினாற் சொல்லாதிருப்போம் என்று இச்சங்கம் ஒரு தீர்மானம் செய்திடுக. காவலர் கேட்பின் வந்துபோவோர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது அவரைப் பற்றி நாம் அறிந்த நன்மையையும் உடன் சொல்லிடுக.

அட்டிகையும் பணமும் போயின. அவை போனது பற்றி எம் வீட்டில் இப்பொழுது யாரும் பேசுவதில்லை. விடியலில் வாசலில் நீர் தெளிக்கும் ஓசை கேளாத ஒவ்வொரு நாளும், அவ்வம்மையார் கேட்ட சொல்லை எம் அன்னையாரே நினைவூட்டுகின்றார். அத்தகைய நினைவு உங்கள் ஒருவர் வீட்டிற்கும் வாராதிருக்குமாறு இறைவனை வேண்டுகின்றோம்.